அரைக்காசுக் கோடீஸ்வரன்

ஏலே பேராண்டி, வந்துட்டியா, உக்காரு. ஒங்க டிவி ஆபீசுல பெரிய தலைங்கல்லாம் கூடி, அந்தப் பழைய கோடீஸ்வரன் விளையாட்டத் திரும்பக் கொண்டாரப் போறாங்களாம்ல? ஆனா பட்ஜெட்டு மட்டும் முன்ன இருந்ததுல கால்வாசியாம். ஒங்கம்மா போன்ல சொன்னா. சொல்லி முடிக்க முன்ன ரெண்டு தடவ சிரிச்சிட்டா. கோடி ரூவா குடுக்குற விளையாட்டுக்குக் கோடி இல்லங்கறான் மொதலாளி. நீயும் "ஓகே சார்"னு தலையாட்டிட்டு வந்திருக்க. நல்ல காரியம் பண்ணின. முடியாதுன்னு சொல்லிருந்தா ஒன் சம்பளத்தயும் சேத்து மிச்சம் புடிச்சிருப்பான்.

நீ எங்கிட்ட ரோசனை கேக்கல, தெரியும். கேட்டுட்டுச் சொல்றதுக்கு நான் என்ன வக்கீலா? சும்மா கேளு.

செலவக் கொறைக்கிறது எப்படின்னு ஒங்க ஆளுகளுக்கு நாஞ் சொல்லித் தரணுமாக்கும். மொத விதி, நடிகர் சம்பளத்துல கை வைக்கப்படாது. அவருக்குக் கேரவன், கேரவனுக்கு ஏசி, அவரு மேக்கப்மேனுக்கு அசிஸ்டண்டு, அந்த அசிஸ்டண்டுக்குத் தனி கார், இதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ரெண்டாவது, கேள்வி எழுதுறதுக்கு நாலு பயலுக ஒரு மூலையில உக்காந்திருப்பானுக பாரு, அவனுக டீச் செலவுல கை வை. அது பத்தலைன்னா நாலு பேர ரெண்டாக்கு. அதும் பத்தலைன்னா ரெண்டு பேரயும் வீட்டுக்கு அனுப்பிட்டு, கம்ப்யூட்டர்ட்ட கேட்டு வாங்கிக்க. அது "தாஜ்மகால் எந்த ஊருல இருக்கு"ன்னு கேக்கும். எதிர்ல உக்காந்திருக்கவரு ஒரு கோடிக்கு யோசிக்கிற மாதிரி நெத்தியச் சுருக்குவாரு. பாக்குற நாங்க ரிமோட்டத் தேடுவோம். பட்ஜெட்டுக்குள்ள முடிச்சாச்சுன்னு நீங்க கேக் வெட்டுங்க.

இந்தக் கோடி நம்ம வீட்டு டிவிக்கு எத்தன தடவ வந்து போயிருக்குன்னு எண்ணிப் பாத்தியா? 2000ல சன் டிவில சரத்குமார் கோடீஸ்வரன்னு வந்தாரு. 2012ல விஜய் டிவில சூர்யா "நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி"ன்னாரு. அடுத்த வருசம் பிரகாஷ்ராஜ், அப்புறம் 2016ல அரவிந்த்சாமி. 2019 கடைசியில கலர்ஸ் தமிழ்ல ராதிகா, பொம்பளைகளுக்கு மட்டும்னு கோடீஸ்வரி. ஒவ்வொரு தடவயும் மொகந்தான் மாறுச்சு. அதே நாற்காலி, அதே நீல வெளிச்சம், வயித்தக் கலக்குற அதே சத்தம். ஒங்க பாட்டி ஒவ்வொரு தடவயும் அடுப்ப மறந்துட்டுத்தான் பாத்தா.

அவ கோடிக்காகவா பாத்தா? பன்னெண்டு லட்சம்னாலும் கோடின்னாலும் ஒங்க பாட்டிக்கு ஒண்ணுதான். ரெண்டையும் அவ கண்ணால கண்டதில்ல. எதுத்தாப்புல உக்காந்திருக்க வாத்தியாரம்மா "பி"யா "சி"யான்னு தடுமாறுறப்ப, இவ இங்க "சி சொல்லுடி, சி சொல்லுடி"ன்னு கத்துவா. அந்தம்மா "பி"ன்னு சொன்னதும் ஏதோ தன் தங்கச்சி வெளங்காமப் போன மாதிரி தலையில அடிச்சிக்குவா.

நம்மூருல வழுக்குமரம் நடுறதப் பாத்திருக்கல்ல? உரியடிக்கு மறுநா நடுவோம். உளுந்த மாவு, கத்தாழச் சாறு, வெளக்கெண்ணெ எல்லாம் பூசி நட்டு, உச்சியில ஒரு பணமுடிப்பக் கட்டி விடுவோம். முடிப்புல என்ன இருக்கும்? கமிட்டிக்காரன் நான்தான, எனக்குத் தெரியாதா? மொத வருசம் ஐநூறு. வசூல் மட்டமான வருசம் நூத்தம்பது. அதச் சொல்லவே இல்ல, துணிய மட்டும் கொஞ்சம் பெருசாக் கட்டினோம். கூட்டம் ஒரு தலை கொறையல. ஆனா ஒரு வருசம் ஒரு புத்திசாலி, எண்ணெ வெல கூடிப்போச்சு, பூச்சக் கொறைப்போம்னான். பயலுக விறுவிறுன்னு ஏறி முடிப்ப எடுத்துட்டானுக. பாத்துட்டிருந்த சனம் பத்தே நிமிசத்துல கலஞ்சு போச்சு. ஒங்க நிகழ்ச்சிலயும் எண்ணெ எது, முடிப்பு எதுன்னு மொதல்ல பிரிச்சுக்க. மேல கட்டுற துணிய ஒங்க மொதலாளி இஷ்டத்துக்குச் சின்னதாக்கட்டும்.

நாஞ் சொல்றத நம்ப மாட்ட. வெளிநாட்டுக் கத சொன்னாத்தான் ஒங்க ஆபீசுல காதக் குடுப்பாங்க. கேட்டுக்க.

இந்த விளையாட்டு பொறந்தது இங்கிலாந்துல. 1998 செப்டம்பர்ல ஐடிவில வந்துச்சு. எழுதினவங்க வச்ச மொதப் பேரு "கேஷ் மவுண்டன்", பணமலைன்னு வச்சுக்கயேன். பரிசு பத்து லட்சம் பவுண்டு. அம்புட்டுப் பணத்துக்கு எங்க போவாங்க? சனத்துட்டத்தான். கலந்துக்க ஆசப்படுறவன் போன் போடணும், அந்தக் காலுக்குத் தனிக் கட்டணம். ஊரே போன் போட்டுச்சு. பரிசுப் பணத்துல பெரும்பங்கு அங்கருந்துதான் வந்துச்சு. ஒங்க மொதலாளிக்கு இந்த எடம் மட்டும் ஞாபகம் இருக்கும் பாரு.

அமெரிக்காவுல இதே விளையாட்டு 1999 ஆகஸ்டுல ஏபிசில வந்துச்சு. நாடே பாத்துச்சு. பாக்குறாங்கன்னு தெரிஞ்சதும் வாரத்துக்கு நாலு ராத்திரி போட்டான். தெனமும் கறிச்சோறுன்னா யாருக்குத்தான் திகட்டாது? 2002ல எடுத்துட்டான். மூணே வருசம். ஆனா அதே 2002ல அதோட ஏழைத் தம்பி ஒருத்தன் வந்தான். பகல் நேரத்துல, அரைமணி நேர நிகழ்ச்சியா, ஊரூரா உள்ள சின்னச் சின்ன ஸ்டேஷனுக்கு வித்தாங்க. பெரிய நிகழ்ச்சியில பத்துப் பேர உக்கார வச்சு, யாரு முந்தி பொத்தான அமுக்குறான்னு பாப்பாங்கள்ல, அதத் தூக்கிட்டாங்க. தேர்வு வச்சு முன்கூட்டியே ஆள எடுத்தாச்சு. பத்துப் பேரக் கூட்டியாந்து ஒம்பது பேரச் சும்மா திருப்பி அனுப்புற டிக்கெட்டு, ஓட்டல் ரூம்பு எல்லாம் மிச்சம். மெரிடித் வியெராங்கற அம்மா நடத்துனாங்க. அந்தத் தம்பி 2019 வரைக்கும் இருந்தான். அண்ணன் மூணு வருசம், தம்பி பதினேழு.

தம்பிக்கும் நடுவுல கிறுக்குப் புடிச்சிது, அதயும் சொல்லிருறேன். 2010ல புதுசா மாத்துறோம்னு, படிப்படியா ஏறுற பணத்தக் கலச்சுப் போட்டானுக. மொதல் பத்துக் கேள்விக்கு எந்தக் கேள்விக்கு எம்புட்டுன்னு முன்கூட்டித் தெரியாது. நாற்காலியத் தூக்கிட்டு ஆள நிக்க வச்சானுக. அஞ்சு வருசம் இந்தக் கூத்து. அப்புறம் 2015ல படிப்படியா ஏறுற பழைய கணக்குக்கே வந்து சேந்தானுக.

கெட்டிக்காரன் ஆஸ்திரேலியாக்காரன். அங்க 2009ல "ஹாட் சீட்"டுன்னு சுருக்கினான். எப்படின்னா, ஆறு பேரு வருவாங்க. ஆறு பேருக்கும் சேத்தே பதினஞ்சு கேள்விதான். ஒருத்தர் உக்காருவாரு. தெரியலன்னா அடுத்தவருக்குத் தள்ளி விட்டுட்டு வரிசையில போயி நிக்கலாம். தப்பாச் சொன்னா வெளிய போகணும், போகும்போது மேல இருக்க பெரிய தொகையையும் தட்டி விட்டுட்டுப் போகணும். கடைசியா அந்த நாற்காலியில எவன் மிச்சமோ அவனுக்குத்தான் பெரிய காசு, அதும் சரியாச் சொன்னாத்தான். கணக்குப் பாரு: ஆறு பேரு ஆடினாலும் பரிசு அதிகமாப் போனா ஒருத்தனுக்கு. தப்பு கூடக் கூட கம்பெனிக்குச் செலவு கொறையுது. பத்து லட்சம் டாலருன்னு போர்டு மட்டும் அப்படியே தொங்கும். மொத ஆளு அதத் தொட்டது 2016லதான். ஏழு வருசமா யாரும் தொடல, சனமும் விடாமப் பாத்துச்சு! எடி மகுவயருங்கறவரு அத நடத்துனாரு. இந்தக் கஞ்சத்தனத்துக்கு முன்னால நான் வழுக்குமர கமிட்டியில பண்ணினதெல்லாம் தருமம்.

இதயும் காப்பி அடிச்சிராத. அவனுக்கு ஆரம்பத்துல அரைமணிதான், வேகம். நம்மாளுக்குக் கேள்வி கேட்டா, மொதல்ல ஊரச் சொல்லணும், அப்பா பேரச் சொல்லணும், மகள் காலேஜ் பீசு கட்டணும்னு சொல்லி லேசாக் கண்ணத் தொடைக்கணும். அப்புறந்தான் "பி"யா "சி"யாங்கறது. அதுக்கு நேரம் விடணும். நேரம் மலிவான சரக்குப்பா. கேமராவ அந்த மொகத்துல வச்சுட்டு, யாரும் பேசாம இருங்க. யாரும் பேசாத அர நிமிசத்துக்கு எந்தக் கம்பெனியும் பில்லு போடாது.

செட்டுப் பத்திக் கவலப்படுறியாம்ல. அந்தப் பழைய நிகழ்ச்சிய இன்னொரு தடவ போட்டுப் பாரு. என்ன தெரியுது? ரெண்டு நாற்காலி, நடுவுல ஒரு மேசை, மேலருந்து இறங்குற வெளிச்சம். மிச்சமெல்லாம் இருட்டு. இருட்டுக்கு வாடக கெடையாது. சத்தமும் அப்படித்தான். கேள்வி ஏற ஏற அந்தப் பின்னணி இசைய அரை சுரம் அரை சுரமா ஒசத்திக்கிட்டே போவாங்க. கேக்குறவனுக்கு அது தெரியாது, வயித்துக்கு மட்டும் தெரியும். ஒரு தடவ போட்ட இசை, எத்தன வருசம் ஓடுனாலும் அதே இசை. நீங்களோ ஜிம்மி ஜிப்புக் கேமராவ மேல பறக்க விட்டு, எல்இடி சொவரு ஏழு வச்சு, நடிகர் உள்ள வரும்போது புகை விட்டு, பட்டாசு விட்டு, கோயில் கொடையாக்கிருவீங்க. அதுக்கப்புறம் கேள்வி கேட்டா எவனுக்குக் கேக்கும்?

இன்னொண்ணு. அந்த "டீலா நோ டீலா"ன்னு சன் டிவில ரிஷி நடத்துனாரே, ஞாபகம் இருக்கா? அதுல கேள்வியே கெடையாது. பொட்டிதான். ஒரு வங்கிக்காரன் போன்ல வெல பேசுவான். அவன் மொகம் தெரியாது, சத்தமும் நமக்குக் கேக்காது. டிவி ஒலகத்துலயே சம்பளமில்லாத வில்லன் அவன் ஒருத்தன்தான். இங்கிலாந்துல அதே விளையாட்டு 2005லருந்து 2016 வரைக்கும் 2,50,000 பவுண்டுக்கு நடந்துச்சு. 2023ல திரும்பக் கொண்டாந்தப்ப உச்சப் பரிச 1,00,000 பவுண்டாக்கிட்டான். பாதிக்கும் கீழ. எவனாவது வழக்குப் போட்டானா? பொட்டியத் தொறக்குறப்ப கை நடுங்குதா இல்லயான்னுதான் பாக்குறான்.

வழக்குன்னதும் ஞாபகம் வருது. பெரிய பரிசுக்கெல்லாம் வெளிநாட்டுல காப்பீடு எடுப்பாங்க. 2000 வாக்குல, அந்த அமெரிக்கக் கோடீஸ்வரன் நிகழ்ச்சிக்குக் காப்பீடு குடுத்த லண்டன்காரன் ஒருத்தன் கோர்ட்டுக்குப் போயிட்டான். என்ன புகாரு தெரியுமா? கேள்வியெல்லாம் ரொம்ப லேசா இருக்காம், ஆளுக ஜெயிச்சுக்கிட்டே இருக்காங்களாம்! பரிச்சையில வெனாத்தாளு லேசுன்னு வாத்தியாரு மேல கேசு போட்டது அவன் ஒருத்தன்தான். அதனாலதான் சொல்றேன், கேள்வி எழுதுற பயலுகளுக்கு டீயோட பஜ்ஜியும் வாங்கிக் குடு. கேள்வி லேசானா மொதலாளி காசு போகும், கஷ்டமானா பாக்குற சனம் போகும். அந்த ரெண்டுக்கும் நடுவுல கயித்துல நடக்குறவன் அவன்தான். நடிகரு பேப்பரப் பாத்துப் படிக்கிறாரு, அவ்வளவுதான்.

ஷூட்டிங் நாளு? அமெரிக்காவுல "ஜியோபார்டி"ன்னு ஒண்ணு. ஒரு நாளைக்கு அஞ்சு எபிசோட் எடுத்துருவாங்க. ஜெயிக்கிற ஆளு அடுத்த எபிசோடுக்கு வேற சட்ட மாத்திட்டு வரணும், வேற வேற நாளு மாதிரி தெரியணும்ல. அதனால மாத்துத்துணி கொண்டாங்கன்னு முன்னாலயே சொல்லிருவாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் எடுத்தா ரெண்டு வாரத்து நிகழ்ச்சி முடிஞ்சிது. ஸ்டுடியோ வாடக, லைட்டு, கேமராக்காரன் பேட்டா எல்லாத்தயும் அஞ்சால வகுத்துக்க. 1964ல அது ஆரம்பிச்சப்ப மொத ரவுண்டுல ஒரு கேள்விக்கு என்ன பரிசு தெரியுமா? பத்து டாலர்லருந்து அம்பது டாலர். அவ்வளவுதான். அது நடுவுல நின்னு, 1984ல திரும்ப வந்து, இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டிருக்கு.

ஆனா ஒங்க நடிகர் அஞ்சு சட்ட கொண்டாருவாரா? காலையில பதினோரு மணிக்கு வந்து "ஒரு எபிசோட் போதும் பிரதர், மூட் இல்ல"ம்பாரு. அவருக்குக் குடுக்குற சம்பளத்த மூட் கணக்குல எழுதிக்க.

செட்டயாவது பங்கு போடலாம்ல? இங்கிலாந்துக்காரன் "டோட்டல் வைப்அவுட்"டுன்னு தண்ணியில விழுற விளையாட்டு ஒண்ணு நடத்துனான். அதுக்கான தடமெல்லாம் இருந்தது அர்ஜெண்டினாவுல, பியூனஸ் ஐரிஸ் பக்கத்துல. பல நாட்டுக்காரனும் தன் ஆளுகள அங்க கூட்டிப் போயி, ஒரே சேத்துல விழ வச்சுப் படம் புடிச்சிட்டு வந்தான். பிரான்சுல கடலுக்கு நடுவுல ஒரு கோட்டை, ஃபோர்ட் போயார்டு. அங்கயும் அதே கததான், வரிசையா ஒவ்வொரு நாட்டுக் குழுவா வந்து எடுத்துட்டுப் போகும். இன்னும் கில்லாடி ஒருத்தன்: "கிரிஸ்டல் மேஸ்"னு 1990லருந்து 95 வரைக்கும் வந்த நிகழ்ச்சி. 2015ல அதோட ரசிகருங்க காசு போட்டு, லண்டன்ல நாமே உள்ள போயி வெளையாடுற மாதிரி ஒரு மேஸக் கட்ட வச்சாங்க. 2016ல டிவிக்காரன் வந்து அதே எடத்துலயே ஒரு சிறப்பு நிகழ்ச்சி எடுத்துட்டான். ரசிகன் கட்டுன வீட்டுல டிவிக்காரன் பால் காய்ச்சினான். ஒங்க சேனலுக்குத் தெலுங்குல, கன்னடத்துல எல்லாம் தம்பி சேனல் இருக்குல்ல? ஒரே செட்டுல காலையில அவன், சாயங்காலம் நீன்னு பேசிப் பாரேன். பேச மாட்டீங்க. ஒங்க செட்டு அவன் செட்டவிட ரெண்டு அடி ஒசரமா இருக்கணும்ல.

இப்ப கொஞ்சம் கிட்ட வா. இத மெதுவாச் சொல்லணும். காசு கொறையும்போது எல்லாருக்கும் ஒரு புத்தி வரும். "யாரு ஜெயிக்கிறதுன்னு நாமே முடிவு பண்ணிட்டா என்ன? நல்லா அழுற ஆளா, ரேட்டிங் ஏத்துற ஆளாப் பாத்து..." அமெரிக்காக்காரன் அதயும் பண்ணிப் பாத்துட்டான். 1955ல "64,000 டாலர் கேள்வி"ன்னு வந்துச்சு. அதுக்கு முன்னால ரேடியோவுல அதே விளையாட்டு நடந்தப்ப உச்சப் பரிசு வெறும் 64 டாலர்தான், பாத்துக்க. டிவிக்கு வந்ததும் ஆயிரம் மடங்கு. பணம் ஏறுச்சு, போட்டி ஏறுச்சு, அப்புறம் "ட்வென்டி ஒன்"னு இன்னொரு நிகழ்ச்சி. அதுல சார்லஸ் வான் டோரன்னு ஒரு காலேஜ் வாத்தியாரு. வேர்த்து வேர்த்து யோசிச்சு பதில் சொல்லி ஊரயே மயக்கிட்டாரு. 1958ல குட்டு ஒடஞ்சுது. 1959ல அமெரிக்க காங்கிரசு முன்னாடி நின்னு, பதில முன்னாலயே எனக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு ஒத்துக்கிட்டாரு. அந்த வேர்வையும் ஒத்திகைதான். அடுத்த வருசம் இத ஏமாத்து வேலைன்னு சட்டமே போட்டாங்க. பெரிய பரிசு நிகழ்ச்சிக வரிசையாப் படுத்துருச்சு. அந்த ஜியோபார்டி ஏன் பத்து டாலர்ல ஆரம்பிச்சுதுன்னு இப்பத் தெரியுதா? சூடு பட்ட பூனை.

நம்ம ஊரு சனத்துக்கு டிவியில எது நெசம், எது எழுதிக் குடுத்ததுன்னு கண்டுபுடிக்கிறதுல தனி ருசி. டீக்கடையில உக்காந்தா ஒவ்வொரு ரியாலிட்டி ஷோவையும் நாலு பேரு பிரேதப் பரிசோதனை பண்ணிருவான். வாத்தியாரம்மாவுக்கு முன்னாலயே "சி"ன்னு தெரியும்னு ஒங்க பாட்டிக்குத் தோணிச்சுன்னா, அப்புறம் அவ அடுப்பப் பாப்பா.

சரி, எம்புட்டுப் பரிசுன்னு போடுறது? இந்தியில முதல்ல யோசிச்சது லட்சந்தானாம். லட்சாதிபதின்னு பேரு வைக்க இருந்தாங்களாம். சேனலோட பெரிய மொதலாளி முர்டாக்கு, லட்சம் என்ன லட்சம், கோடியாக்குன்னு சொன்னதா ஒரு கத உண்டு. 2000 ஜூலையில அமிதாப் பச்சன் வந்து உக்காந்தாரு, மிச்சக் கத ஒனக்கே தெரியும். 2005ல ரெண்டு கோடியாக்கினாங்க, அப்புறம் இன்னும் ஏத்தினாங்க. ஆனா சனம் கூடுனது அந்த நெட்டையரு "லாக் பண்ணிரவா"ன்னு கேக்குற தொனிக்குத்தான். 2007ல அதே நாற்காலியில ஷாருக்கான உக்கார வச்சாங்க. கோடி அதேதான். ஆனாலும் 2010ல பழைய மனுசனத்தான் திரும்பக் கூப்புட்டாங்க.

ஒங்களுக்கு லட்சம் போதும்ப்பா. கோடின்னு போட்டாலும் ஜெயிச்சவன் கையில கோடியா போகுது? 30 சதவீதத்தப் புடிச்சிட்டுத்தான் குடுப்பீங்க, அதுக்கு மேல செஸ்ஸு, சர்சார்ஜுன்னு கவர்மெண்டு நீட்டுற கை வேற. ஒங்க நிகழ்ச்சியில உக்காராமலே ஒவ்வொரு எபிசோடும் ஜெயிக்கிற ஒரே போட்டியாளர் அவங்கதான். பேரு என்ன வைக்கலாம்? "லட்சாதிபதி"ன்னு வச்சா கௌரவக் கொறச்சலாம்ல ஒங்க மொதலாளிக்கு? அப்ப "மாத வாடகை"ன்னு வையி. பதினஞ்சு கேள்விக்கும் சரியாச் சொன்னா ரெண்டு வருச வீட்டு வாடகை. சென்னையில இருக்கவன் எல்லாம் வரிசையில நிப்பான் பாரு. அதுக்கு ஒரு சிமெண்டுக் கம்பெனியோ, வீட்டுக்கடன் பாங்கோ ஸ்பான்சரா வந்துருவான். போன்ல நண்பனக் கூப்புடுற உதவிக்குப் பதிலா, வீட்டு ஓனருக்குப் போன் போடச் சொல்லு. அவர் பதில் சொல்றாரோ இல்லையோ, அந்தப் போனப் பாக்க ஊரே உக்காரும்.

என்ன முழிக்கிற? எழுதிக்க. இதுக்கு நான் காசு கேக்கல.

ஆனா ஒரு விசயம். பின்னால இருட்டுல உக்காந்து கை தட்டுறதுக்கு ஆளு வேணும்ல, அத மறந்துட்டீங்களே. ஏஜெண்டு மூலமாப் புடிச்சா தலைக்கு எவ்வளவு, வேனுக்கு எவ்வளவு, பிரியாணிப் பொட்டலத்துக்கு எவ்வளவுன்னு எனக்குக் கொஞ்சம் விவரம் தெரியும். நம்மூருலருந்து முப்பது பேர நான் கூட்டியாரேன். கைதட்டு எப்ப, "அச்சோ" எப்பன்னு சொல்லிக் குடுத்துருவேன். புளிச்சோறு நாங்களே கட்டிட்டு வந்துருவோம். டீசல் காசு மட்டும் முன்பணம். அதயும் நடிகர் சம்பளக் கணக்குல எழுதிருங்க, மொதலாளி கேள்வி கேக்க மாட்டாரு.